பரணில் கிடக்கும் ஃப்ளாப்பிகளை எடைக்குப் போடும் முன்...





ரமலான் பிறக்கும் முன் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வது நம் குடும்பங்களில் பல்லாண்டு வழக்கம். அவ்வாறு ஒழிக்கும்போது, 1990களில் கணினி புழங்கிய வீடுகளின் பரணிலிருந்து ஒரு பெட்டி ஃப்ளாப்பித் தட்டுகளும் இறங்கி வரக் காண்கிறோம். "இதைப் போட்டுப் பார்க்க ஓர் இயந்திரமும் இல்லை; இனி இது எதற்கு?" என்று சொல்லி, பழைய செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

போடுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அப்பெட்டிக்காகச் செலவிடுங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். அத்தட்டுகளில் உள்ள விளையாட்டுகளை உலகம் ஏற்கெனவே பத்திரப்படுத்திவிட்டது. அவற்றைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் அதே தட்டில், விளையாட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நம் வீட்டில் மட்டுமே இருக்கின்ற சில பதிவுகளும் உண்டு. அவற்றுக்கு நம்மையன்றி வேறு காவலர் இல்லை.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே

ஆவடியில் வளர்ந்த எங்கள் உடன்பிறப்புகள் நால்வருக்கும் கணினி என்றால் அது அம்பத்தூரில் தாய்மாமா வீட்டின் முன்னறைதான். மாமா டி.டி.பி. தொழில் செய்துவந்தார். நிக்காஹ் அழைப்பிதழ், ஜமாஅத் அறிவிப்பு, ரமலான் மாதத்து ஸஹர், இஃப்தார் நேர அட்டவணை ஆகியவை அவருடைய 386 கணினியில் உருவாகி அச்சகத்துக்குச் செல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடியில் மின்சார ரயில் ஏறி, அண்ணனூர், திருமுல்லைவாயில் கடந்து அம்பத்தூரில் இறங்குவோம். மாமாவின் மகனும் மகளும் சேர்ந்தால் பிள்ளைகள் ஆறு பேர். அவர்களுள் மூத்தவர் மாமாவின் மகன். எங்களுக்கு அவர் மச்சான். விளையாட்டுத் தட்டுகளைக் கொண்டுவருபவரும் அவரே.

மாமா விதித்த விதி ஒன்றுதான். அஸர் தொழுகை முடிந்தபின் கணினியில் அமரலாம். மஃரிப் பாங்கு ஒலித்ததும் அணைத்துவிட வேண்டும். ஆறு பேருக்கு ஒரு விசைப்பலகை. ஒருவர் விளையாட, ஐவர் வழி சொல்வோம். உயிர் போனால் அடுத்தவர் முறை.

முதலில் வந்தது டேஞ்சரஸ் டேவ். அமெரிக்கரான ஜான் ரோமேரோ 1988இல் ஆப்பிள் கணினிக்காக எழுதி, பின்னர் டாஸ் கணினிகளுக்கு வந்த விளையாட்டு அது. பத்துக் கட்டங்கள். வெற்றிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவை அடைய வேண்டும். கடைக்குட்டித் தங்கையும் அதை விளையாடிவிடுவாள்.

அடுத்து வந்தது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989இல் ஜோர்டான் மெக்னர் என்பவர் ஆப்பிள் கணினிக்காக உருவாக்கி, 1990இல் டாஸுக்கு மாற்றப்பட்ட விளையாட்டு. நிலவறையில் அடைபட்ட வாலிபன் ஒருவன், சிறையிருக்கும் இளவரசியை 60 நிமிடங்களுக்குள் மீட்க வேண்டும். உயிர் போனால் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடலாம். ஆனால் போன நிமிடம் திரும்பாது. மஃரிபுக்குள் முடித்தாக வேண்டிய எங்களுக்கு, திரைக்குள் ஒரு கடிகாரமும் திரைக்கு வெளியே ஒரு கடிகாரமும் ஓடின. மூன்றாம் கட்டத்தைத் தொட்டுவிட்டால் ஆட்டத்தைச் சேமித்துவைத்து அடுத்த வாரம் தொடரலாம் என்பதால், எப்படியாவது அதைத் தொட்டுவிடத் துடிப்போம்.

வாளேந்திய காவலர், காலடியில் இடிந்து விழும் தரைக்கல், தரையிலிருந்து சீறி எழும் முட்கள் ஆகிய ஒவ்வொன்றும் எங்கே வரும் என்பதை ஆறு பேரும் மனப்பாடம் செய்திருந்தோம். "பிரின்ஸ்" என்று தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு "மெகாஹிட்" என்று சேர்த்தால் குறுக்கு வழி திறக்கும் என்ற இரகசியம் அம்பத்தூருக்கும் வந்து சேர்ந்திருந்தது. மச்சான் அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தாம் விளையாடும்போது மட்டும் அதைப் பயன்படுத்தமாட்டார்.

தட்டின் இயல்பு

ஃப்ளாப்பி என்பது காந்தப் பூச்சு பூசிய மெல்லிய நெகிழித் தகடு. ஐ.பி.எம். நிறுவனம் 1971இல் 8 அங்குலத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976இல் ஐந்தேகால் அங்குலத் தட்டும், 1981இல் சோனி நிறுவனத்தின் மூன்றரை அங்குலத் தட்டும் வந்தன. நம்மில் பலர் வீட்டில் இருப்பது இந்தக் கடைசி வகைதான். ஒரு பக்கத்தில் 80 வட்டப் பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் 18 பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் 512 பைட்டுகள். இரு பக்கமும் சேர்த்துப் பெருக்கினால் 14,74,560 பைட்டுகள். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூடப் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. அன்றோ, முழு விளையாட்டும் அடங்கி மாமாவின் அழைப்பிதழ்களுக்கும் இடம் மிச்சமிருந்தது.

இந்தக் காந்தப் பூச்சு நிலையானதன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் காந்தப் பதிவு மங்கும். பூச்சைத் தகட்டோடு ஒட்டிவைத்திருக்கும் பசை தளரும். நம் சென்னைப் புறநகரின் ஈரக்காற்றில் பூஞ்சை படரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாமா வீட்டின் தரைத்தளத்தில் இருந்தவை யாவும் நனைந்து போயின. பரணில் இருந்ததால் இந்தப் பெட்டி தப்பியது. சோனி நிறுவனமும் 2011 மார்ச் மாதத்தோடு ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை முடித்துக்கொண்டது. ஆக, தட்டும் அழிகிறது. அதைப் படிக்கும் இயந்திரமும் அருகி வருகிறது.

தட்டுகள் கைமாறியபோது நோயும் கைமாறியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தொற்றிய முதல் வைரஸ் எனப்படும் "பிரெய்ன்", 1986இல் லாகூரில் மென்பொருள் கடை நடத்திய பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதியது. தங்கள் மருத்துவ மென்பொருளைப் பிறர் நகலெடுப்பதைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்று அவர்கள் கூறினர். வைரஸுக்குள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைத்திருந்தனர். அது ஃப்ளாப்பி வழியாகவே கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றது. ஆகவே பழைய தட்டைத் திறக்கும்போது எச்சரிக்கை தேவை. அன்றாட வேலைக்குப் பயன்படும் கணினியில் அதிலுள்ள எதையும் நேரடியாக இயக்கக்கூடாது.

இல்லாத இயந்திரத்தை உண்டாக்குதல்

அப்படியானால் அந்த விளையாட்டுகளை இன்று எதில் ஆடுவது? இங்கேதான் எமுலேட்டர் வருகிறது. இன்றைய கணினிக்குள், இல்லாமற்போன ஒரு பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அது. பழைய நிரல் "இந்த இடத்தில் ஒரு புள்ளியை வரை" என்று 386 கணினிக்கு இட்ட கட்டளையை எமுலேட்டர் வாங்கி, இன்றைய கணினிக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுக்கிறது. தான் புதிய வீட்டில் இருப்பது அந்த நிரலுக்குத் தெரியாது.

டாஸ் விளையாட்டுகளுக்காக 2002இல் வெளியான டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் இலவசமானது. அதில் வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். இது மிகவும் தேவையான வசதி. ஏனெனில் அக்காலத்து விளையாட்டுகள் சில, கணினியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. அவற்றை இன்றைய வேகத்தில் அப்படியே ஓடவிட்டால், நாம் விசையைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். சான்பிரான்சிஸ்கோவில் இயங்கும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற மின்னூலகம், 2015 ஜனவரியில் 2,000க்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே இயங்கும்படி அமைத்தது. நிறுவுவதற்கும் ஒன்றும் இல்லை, திறந்தால் போதும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மூல நிரலே ஒருகாலத்தில் தொலைந்துபோயிருந்தது. விளையாட்டை எழுதியவரிடமே அது இல்லை. 2012இல் மெக்னரின் தந்தை, வீட்டு அலமாரியின் பின்புறத்தில் கிடந்த பெட்டியொன்றைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அந்தத் தந்தை பிரான்சிஸ் மெக்னர் உளவியலாளர். விளையாட்டின் இசையை அமைத்தவரும் அவரே. பெட்டியில் மூன்றரை அங்குலத் தட்டுகள் இருந்தன. அவை எழுதப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. இன்டர்நெட் ஆர்கைவைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட்டும், பழைய ஆப்பிள் கணினிகளைச் சேகரிக்கும் டோனி டயஸும் அவர் வீட்டுக்கே வந்து, தட்டுகளைப் பொறுமையாகப் படித்து நிரலை மீட்டனர். ஆய்வோர் படித்துப் பயன்பெறட்டும் என்று மெக்னர் அதைப் பொதுவில் வெளியிட்டார்.

அந்த விளையாட்டில் ஓடித் தாவும் இளவரசனின் அசைவுகள், மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி 1985இல் படம்பிடித்து, அதைப் பார்த்து ஒவ்வொன்றாக வரைந்தவை. தந்தையின் இசை, தம்பியின் கால்கள், அண்ணனின் நிரல்! உலகம் விளையாடிய ஒன்று, உள்ளே பார்த்தால் ஒரு வீட்டின் பொருளாகவே இருக்கிறது. அதைக் காப்பாற்றியதும் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு பெட்டிதான்.

எங்கள் பெட்டியில் இருந்தது

மாமா சென்ற ஆண்டு வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அம்பத்தூர் வீட்டை ஒழித்தபோது இறங்கிய பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் இருந்தன. மூன்றரை அங்குலத் தட்டுகளைப் படிக்கும் யு.எஸ்.பி. கருவி இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குலத் தட்டுகளுக்கு அவ்வளவு எளிய வழியில்லை. பழைய இயக்கியொன்றைத் தேடிப்பிடித்து, கிரீஸ்வீசில் போன்ற இணைப்புப் பலகை வழியாகக் கணினியோடு இணைக்க வேண்டும். ஆகவே மூன்றரை அங்குலத் தட்டுகளிலிருந்து தொடங்கினோம்.

தட்டைச் செருகும் முன் அதன் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்துவைத்தோம். அப்போது தட்டில் எதுவும் புதிதாக எழுதப்படாது. பின்னர்க் கோப்புகளைத் தனித்தனியே எடுக்காமல், தட்டு முழுவதையும் பகுதி பகுதியாகப் படித்து ஒரே நகலாக எடுத்தோம். இதைத் தட்டின் பிம்பம் என்பர். ஒரே தட்டை இருமுறை படித்து, இரண்டு நகல்களும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்தோம்.

மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மைப் போன்றோருக்கு இந்த வேலை புதிதன்று. கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில் ஹதீஸ் கலை மாணவர்கள் ஒரு நூலைப் பிரதியெடுத்தபின், மூலத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் தம் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். அதற்கு முகாபலா என்று பெயர். ஒப்பிடப்படாத பிரதிக்கு அறிஞர்கள் மதிப்பளித்ததில்லை. கணினி அதே ஒப்பீட்டை நொடியில் செய்து முடிக்கிறது. கருவி மாறினாலும் நெறி அதுவே.

ஏழு தட்டுகள் அறவே படிக்கவில்லை. சிலவற்றில் மாமா தட்டச்சு செய்த அழைப்பிதழ்கள் இருந்தன. ஆனால் எழுத்துகள் யாவும் புரியாத குறிகளாகத் தெரிந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்ததே காரணம். உரிய எழுத்துரு கிடைத்தால் அவையும் உயிர் பெறும், இன்ஷா அல்லாஹ்.

நீல நிறத் தட்டொன்றில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா இருந்தது. நகலை டாஸ்பாக்ஸில் திறந்தோம். அந்த விளையாட்டை 60 நிமிடத்துக்குள் முடிப்பவர் தம் பெயரைப் பதியலாம். அந்தப் பட்டியல், சில நூறு பைட்டுகளுக்குள் அடங்கும் ஒரு தனிக் கோப்பாகத் தட்டில் சேமிக்கப்படும். எங்களில் யாரும் அந்த விளையாட்டை முடித்ததில்லை என்றே முப்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். எங்கள் தட்டிலோ அந்தக் கோப்பு இருந்தது. அதில் ஒரே ஒரு வரி. ஏழு நிமிடம் மீதமிருக்க ஒருவர் முடித்திருக்கிறார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ஆறு எழுத்துகள் இருந்தன.

மச்சான் 2009இல், வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் மாரடைப்பால் வஃபாத்தானார். அப்போது வயது 33. ஜனாஸா அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அன்று மூன்று வயதுக் குழந்தையாக இருந்த அவர் மகள் இன்று பூந்தமல்லியில் தாயோடு வசித்துக் கல்லூரியில் படிக்கிறாள். அத்தாவைப் பற்றி அவளிடம் இருப்பவை சில புகைப்படங்களும் பிறர் சொல்லும் செய்திகளுமே. மடிக்கணினியை அவள் முன் வைத்தோம்.

"மாமா, இந்த எழுத்தெல்லாம் என்ன?" என்று கேட்டாள்.

கடைக்குட்டியில் தொடங்கி வயது வரிசையில் எங்கள் ஆறு பேருடைய பெயர்களின் முதலெழுத்துகள் அவை என்று விளக்கினோம்.

"அப்படியென்றால் அத்தா?"

"கடைசி எழுத்து, அம்மா."

அவள் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததாக மச்சான் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பிய ஓர் இரவில், யாரும் பார்க்காதபோது அவர் அதை முடித்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஞாயிறுதோறும் எங்களோடு அமர்ந்து, "அந்தக் கல்லில் கால் வைக்காதே, விழுந்துவிடும்" என்று வழி சொல்லிக்கொண்டே இருந்தார். வென்றது ஒருவர், பதிந்தது ஆறு பேரை. அவர் இறந்தபின் அவருடைய குணத்தைப் பற்றி எத்தனையோ பேர் அந்தப் பெண்ணிடம் கூறியிருப்பார்கள். அத்தாவின் விரல்கள் தட்டச்சு செய்த சான்று அன்றுதான் அவள் கைக்கு வந்தது.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா உலகில் எண்ணற்ற கணினிகளில் இருக்கிறது. அந்த ஆறு எழுத்துகள் அந்தத் தட்டில் மட்டுமே இருந்தன.

இது யாருடைய சொத்து?

பழைய விளையாட்டுகளை இணையத்திலிருந்து இறக்கி ஆடலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். "அந்த நிறுவனமே இப்போது இல்லை; கைவிடப்பட்ட பொருள்தானே?" என்பது அவர்கள் வாதம்.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் 5ஆம் அமர்வில் இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நூலுரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் ஆகியவை இக்கால வழக்கில் பொருள் மதிப்புடைய உரிமைகள். ஷரீஅத்தில் அவை பாதுகாக்கப்பட்டவை. அவற்றில் அத்துமீறுவது கூடாது என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம் கணினி நிரல்களையும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் அது கெட்டுப்போகாமலிருக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது.

"கைவிடப்பட்ட மென்பொருள்" என்பது ஆர்வலர்களிடையே வழங்கும் சொல்லேயன்றிச் சட்டத்திலுள்ள வகையன்று. ஃபிக்ஹில் லுகத்தா என்ற பாடம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வழியில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவன், உரியவர் எதிரில் இல்லை என்பதாலேயே அதற்கு உரிமையாளன் ஆகிவிடுவதில்லை. உரியவரின் மௌனம் அவர் விட்டுக்கொடுத்ததாகாது. ஆனால் நல்ல வழிகள் திறந்தே இருக்கின்றன. பழைய விளையாட்டுகள் பல இன்று குறைந்த விலைக்கு முறையாக விற்கப்படுகின்றன. சிலவற்றை ஆக்கியோரே இலவசமாக வெளியிட்டுள்ளனர். அவற்றைத் தேடுவது சிரமமன்று. ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

விளையாட்டு அதை ஆக்கியவருடையது. மச்சான் எழுதிய ஆறு எழுத்துகளோ எங்கள் குடும்பத்தின் அமானிதம். முன்னதன் உரிமையைப் பேணுவதும் பின்னதை அழியாமல் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பிள்ளைகளோடு அமர்ந்தபோது

எங்கள் பிள்ளைகளையும் அந்த விளையாட்டின் முன் அமரவைத்தோம். முதலில் அலுத்துக்கொண்டார்கள். திரை சிறியது, ஒலி கீச்சென்றது. அரைமணி நேரத்தில் விசைப்பலகைக்குப் போட்டி தொடங்கிவிட்டது.

அவர்களிடம் பேச அதில் நிறைய இருந்தது. கதையில் வரும் கொடிய அமைச்சனின் பெயர் ஜாஃபர். "நம் வீட்டில் நல்லவர்களுக்கு வைக்கும் பெயர் அல்லவா?" என்று பிள்ளைகள் கேட்டனர். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அமைச்சராக இருந்து, 803இல் மரண தண்டனைக்கு ஆளான ஜாஃபர் பின் யஹ்யா அல்பர்மகீ அறிவையும் கலையையும் ஆதரித்த குடும்பத்தவர் என்று சொன்னோம். மேற்கத்தியத் திரைப்படங்கள் அப்பெயரை வில்லனுக்குச் சூட்டின. விளையாட்டு அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. திரையில் காணும் "கிழக்கு" யாரோ கற்பனை செய்த கிழக்கு என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்ள இதைவிட எளிய பாடம் இல்லை.

நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது இளவரசனிடமிருந்து அவன் நிழலுரு பிரிந்து செல்கிறது. ஆப்பிள் கணினியின் நினைவகத்தில் புதிய எதிரியை வரைய இடமில்லாமல், இளவரசனின் படங்களையே மாற்றி மெக்னர் அதை உருவாக்கினார். கடைசிக் கட்டத்தில் அந்த நிழல் வாளோடு எதிர்நிற்கும். அதை வெட்டினால் நமக்கே வலிக்கும். கொன்றால் நாமே சாவோம். வாளை உறையிலிட்டு நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நஃப்ஸைப் பற்றி மதரஸாவில் நடத்தும் பாடம் ஒன்று அங்கே தானாகவே வந்து நின்றது. நாம் சொல்லும் முன் பிள்ளைகளில் ஒருவனே அதைச் சொன்னான்.

எமுலேட்டர் எல்லாவற்றையும் திருப்பித் தருவதில்லை என்பதையும் கண்டோம். எந்த நொடியிலும் ஆட்டத்தை நிறுத்தி, தவறினால் அந்த நொடிக்கே திரும்பும் வசதி எமுலேட்டர்கள் பலவற்றில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் "போன நிமிடம் திரும்பாது" என்ற அந்த விளையாட்டின் உயிரே போய்விடும். ஆகவே அதை விலக்கிவைத்தோம். இக்காலக் கைபேசி விளையாட்டுகளுக்கு முடிவே இல்லை. நாள்தோறும் வந்து போகாவிட்டால் நட்டம் என்று மிரட்டுகின்றன, காசு கேட்கின்றன. பழைய விளையாட்டு ஒரு மணி நேரத்தில் தானே முடிகிறது. பாங்கு ஒலித்தால் ஒரு விசையை அழுத்தி நிறுத்திவிட்டு எழலாம். பொழுதுபோக்கிற்கு எல்லை வகுத்துக் கொடுக்க விரும்பும் பெற்றோருக்கு இது சிறிய உதவியன்று. ஆயினும் ஒரு நிபந்தனை: ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவியைக் கொடுக்காமல், ஒரே விசைப்பலகையைச் சுற்றி எல்லோரும் அமர வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பரகத் அந்த நெருக்கத்தில்தான் இருந்தது.

செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டுப் பெட்டியை இறக்குங்கள். தட்டுகளை வெயிலில் காயவைக்காதீர்கள். காந்தத்தின் அருகில் வைக்காதீர்கள். பூஞ்சை படிந்த தட்டை இயக்கியில் போட்டால் இயக்கியும் கெடும், அடுத்து வரும் தட்டும் கெடும். அதைத் தனியே ஒதுக்கிவையுங்கள். எழுதாமல் தடுக்கும் தாழைத் திறந்துவிட்டு, முழு நகல் எடுத்து, இருமுறை ஒப்பிடுங்கள். நகல்களைக் குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். மேலொட்டிய தாளில் எழுதியிருப்பதை நம்பி எதையும் ஒதுக்காதீர்கள். "கேம்ஸ்" என்று எழுதிய தட்டில் வாப்பாவின் கடிதமோ, மூத்தம்மாவின் பெயர் கொண்ட ஒரு வெற்றிப் பட்டியலோ இருக்கக்கூடும். உங்கள் பிள்ளைகளில் கணினி தெரிந்த ஒருவரிடம் இவ்வேலையை ஒப்படைத்தால், குடும்ப வரலாற்றையும் அவர் கற்றுக்கொள்வார்.

படிக்காத அந்த ஏழு தட்டுகளையும் நாங்கள் எறியவில்லை. ஐந்தேகால் அங்குலத் தட்டுகளும் இயக்கிக்காகக் காத்திருக்கின்றன. ரிச்சி தெருவில் ஒருவர் பழைய இயக்கி தேடித்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மறைந்த நம் உறவினர் அனைவரின் பிழைகளையும் வல்ல அல்லாஹ் பொறுத்து, அவர்களின் கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. அவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற சிறிய அமானிதங்களையும் பேணிக் காக்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.